கோயில் சிரட்டைப் புகை

தள்ளி இருக்கத் தேவையில்லை தம்பி. மணம் என்ர கோட்டிலை இருந்துதான் வருது, நான் மறைக்கேல்லை. கடையிலை குடுத்துக் கழுவியாச்சு, போகுதில்லை. நீர் நினைக்கிற ஆள் நான் இல்லை. என்ர சீவியத்திலை ஒரு சிகரெட் வாயிலை வைச்சதில்லை. கோயில் பரிபாலன சபையிலை உபதலைவர். வாற கூட்டம் வரைக்கும் எண்டாலும் உபதலைவர்தானே.

தமிழ்ப் பிள்ளை எண்டு பாத்த உடனை விளங்கிச்சு, அதுதான் கதைக்கிறன். அப்பா அம்மா எவடம்? சாவகச்சேரியோ. நல்ல இடம். ஆனால் உங்கட ஆக்களுக்கு மாம்பழத்தையும் பிலாப்பழத்தையும் விட்டால் வேறை ஒண்டும் தெரியாது, புகையிலை எண்டால் என்னெண்டு விளங்காது. கோவியாதையும், பகிடிக்குச் சொல்லுறன். எனக்கு அந்தச் சேலைக்கடை இருக்கிற பிளாசாவிலை பஸ்ஸாலை இறங்க வேணும். கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன், இடம் வந்தால் ஒருக்காச் சொல்லும். அது வரைக்கும் கேளும், ஒரு வீட்டிலை ஒரு மூளையில்லாத மொக்கன் இருந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடு படும் எண்டு.

மொக்கன் எண்டு நான் சொல்லுறது என்ர மனுசியின்ர தம்பியை. பேர் சுகுணன். ட்ரக் ஓடுறான். கலியாணம் கட்டினவன், அது சரிவரேல்லை, எங்கட வீட்டு பேஸ்மென்டிலை வந்து இருக்கிறான். இருக்கட்டும், மனுசியின்ர தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. இந்த வெய்யில் காலத்துக்கு அவன் பின்வளவிலை, மிளகாய்க் கண்டுகளுக்கு நடுவிலை, ஒரு பெரிய சாடியிலை ஒரு கண்டு வைச்சான். என்னடா எண்டு கேட்டன். "சும்மா ஒரு மரம் அத்தான்" எண்டான். இலையைப் பாத்தன். கையை விரிச்ச மாதிரி இலை. மரவள்ளி எண்டு நினைச்சன்.

சிரியாதையும். நீரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பீர். எங்கட ஊர் ஆள் ஆர் பாத்தாலும் அது மரவள்ளிதான். கனடாவிலை மரவள்ளி வளருது எண்டு எனக்கு ஒரே புளுகம், நிலத்திலை கால் நிக்கேல்லை. அவன் ட்ரக்கிலை போற நாளெல்லாம் நான்தான் தண்ணி ஊத்தினனான். மீன் கழுவின தண்ணியும் ஊத்தினனான், நல்ல பசளை எண்டு. கோயில் கூட்டம் ஒருக்கா எங்கட வீட்டிலை நடந்தது. அண்டைக்கு வந்த எல்லாரையும் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான். எங்கட தலைவர் பொன்னுத்துரை மாஸ்டர், பள்ளிக்கூடம் நடத்தின மனுசன், இலையைத் தடவிப் பாத்திட்டு, "கிழங்கு விழுந்தால் எனக்கும் ஒண்டு தாரும்" எண்டவர். அவருக்கே தெரியேல்லை. பிறகு என்ர தலையிலை மட்டும் ஏன் ஏறுகினம்?

பேந்து பூ வந்தது. பூவோடை நாத்தமும் வந்தது. வேலிக்குக் கீழை ஏதோ ஸ்கங்க், அந்த நாறுற பிராணி, செத்துக் கிடக்கெண்டு நான் தடியோடை திரிஞ்சு தேடினனான். பக்கத்து வீட்டு வேலியையும் எட்டிப் பாத்து, உங்கட பக்கம்தான் மணக்குது எண்டு அந்தச் சீனாக்காரக் கிழவியோடை ஒரு சண்டையும் பிடிச்சாச்சு. அதுக்குப் பிறகுதான் சுகுணன் வாயைத் திறக்கிறான்.

"அத்தான், அது கஞ்சா. அக்காவுக்கு."

எப்பிடி இருக்கு கதை? நான் துள்ளினன். அவன் ஆறுதலா, "வீட்டுக்கு நாலு மரம் வரைக்கும் சட்டம் விடுது அத்தான், நான் ஒண்டுதானே வைச்சனான்" எண்டான். சட்டம் விடும். சட்டத்துக்கு என்ன? சட்டம் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து சனத்தின்ர முகத்திலை முழிக்கிறதோ?

அக்காவுக்கு ஏன் கஞ்சா எண்டு கேப்பீர். அவாக்கு மார்பிலை கான்சர். போன வரியம் கண்டுபிடிச்சது. வெட்டி எடுத்தாச்சு, இப்ப மருந்து ஏத்துறாங்கள். ஒவ்வொருமுறை ஏத்தினாப் பிறகும் சாப்பாடு இறங்காது. அதெல்லாம் நான் பிறகு அறிஞ்சது, எங்கட வீட்டிலை எனக்கு ஒண்டும் சொல்லமாட்டினம். அவா பாத்ரூமுக்குள்ளை போனால் பைப்பைத் திறந்து விடுவா. தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். நான் கதவுக்கு வெளியிலை நிண்டு, "தவம், தண்ணி பில்லை ஆர் கட்டுறது?" எண்டு கத்துவன். ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கிற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது எண்டுதான் அவா பைப்பைத் திறக்கிறவாவாம். அதைக்கூட சுகுணன்தான் எனக்குச் சொன்னவன். என்னட்டை நேரை சொன்னால் என்ன? நான் என்ன பிறத்தியானோ? தண்ணியைப் பற்றி நான் சொன்னதும் பிழையில்லைதானே.

சுகுணனுக்கு நயாகராப் பக்கம் தோட்டம் வைச்சிருக்கிற ஒரு கூட்டாளி, வெள்ளைக்காரன். அவன் குடுத்த பூவை நெய்யிலை காய்ச்சி ஒரு போத்திலிலை ஊத்தி வைச்சிருந்தவன். மருந்து ஏத்தினாப் பிறகு புட்டுக்குள்ளை அந்த நெய்யிலை ஒரு சொட்டு. டொக்டருக்கும் தெரியுமாம், அவரும் ஓமெண்டவராம். முதல் கடையிலை வாங்கினது ஒண்டு அவாக்குத் தலைச்சுத்துத் தந்ததாம், இந்த இனம்தான் ஒத்துக்கொண்டதாம். அந்தக் கூட்டாளியின்ர மரத்திலை முறிச்ச ஒரு கிளையைத்தான் கொண்டுவந்து எங்கட சாடியிலை வைச்சவனாம். எல்லாம் "தெரியுமாம்", "ஒத்துக்கொண்டதாம்" எண்டுதான் நான் சொல்ல வேண்டிக் கிடக்கு, ஏனெண்டால் எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நெய்யாலைதான் அவா சாப்பிட்டவா எண்டு அக்காவும் தம்பியும் நினைக்கினம். நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினதும் அந்த நேரம்தான். அதை ஆரும் கணக்கிலை எடுக்கேல்லை.

சரி, பனி விழ முதல் வெட்டினான். வெட்டினான் எண்டு சும்மா சொல்லக் கூடாது, ஒரு கலியாண வீடே நடத்தினான். வேலைக்கு லீவு. கையுறை. நகம் வெட்டுற கத்தரிக்கோல் மாதிரி ஒரு சின்னக் கத்தரிக்கோலாலை ஒவ்வொரு இலையாக் கிள்ளுறான். மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற மாதிரி. பேந்து கிளை கிளையா, தலைகீழா, நான் உடுப்புக் காயப்போடக் கட்டின கொடியிலை தூக்கிவிட்டான். பேஸ்மென்ட் யன்னலுக்குக் கறுப்புத் துணி. உள்ளுக்குப் போனால், "லைட் போடாதேங்கோ அத்தான்." என்ர வீடு, என்ர லைட், நான் போடக் கூடாது. கஞ்சாவுக்குக் கண் கூசுமாம்.

ஒரு ஃபேன் வாங்கி வைச்சான். அதை மரத்துக்கு நேரை பிடிக்கேல்லை, சுவருக்கு நேரை பிடிச்சு வைச்சிருக்கிறான். சுவருக்கு வேர்க்குதோ எண்டு கேட்டன். காத்து நேரை படக் கூடாது, சுத்தி வர வேணும் எண்டான். கொடியிலை ஒரு சின்ன மெசின், காத்திலை எவ்வளவு ஈரம் கிடக்கெண்டு காட்டும். வேலையாலை வந்த உடனை சப்பாத்துக் கழட்ட முதல் ஓடிப்போய் அதைத்தான் பாப்பான். கூடிப்போச்சோ ஈரத்தை உறிஞ்சிற ஒரு பெட்டியைப் போடுவான், குறைஞ்சுபோச்சோ ஒரு சட்டியிலை தண்ணி வைப்பான். காம்பை மடக்கினால் டக்கெண்டு முறிய வேணுமாம், அது வரைக்கும் காய வேணுமாம். பிறகு கண்ணாடிப் போத்தில்களுக்குள்ளை போட்டு மூடி, ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து மூச்சு விட வைக்க வேணுமாம். போத்தில் மூச்சு விடுமாம் தம்பி. ஒரு மாசத்துக்கு மேலை செல்லுமாம். ஒரு பிள்ளையை நேர்சரிக்குச் சேக்கிறதுக்குக்கூட இவ்வளவு ஆரவாரம் இல்லை.

எனக்கு வயிறு எரிஞ்சுது. ஏனெண்டால் நான் புகையிலைக்குள்ளை பிறந்து வளந்தவன். சுன்னாகம் சந்தையிலை எங்கட ஐயாவுக்குப் புகையிலைக் கடை. காலிக்கும் மாத்தறைக்கும் சிப்பம் சிப்பமாப் போகும். பள்ளிக்கூட லீவு வந்தால் நானும் கடையிலை இருப்பன். இலையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஐயா சொல்லுவார், இது இன்னாற்றை குடிலிலை புகை போட்டது எண்டு. நான் பக்கத்திலை இருந்து பாத்தனான். பச்சை இலையைக் கட்டித் தூக்கி, குடிலை இறுக்கி அடைச்சு, தேங்காய்ப் பொச்சு, அதுதான் நார் மட்டை, அதையும் சிரட்டையையும் போட்டுப் புகை குடுத்தால் சில நாளிலை இலை மண்ணிறமாகி, வாசம் ஏறி, கையிலை ஒட்டும். அதுதான் பக்குவம். இவன் ஃபேனைச் சுவருக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.

இதிலை பெரிய பகிடி என்னெண்டால், சுகுணன்ர தகப்பன், என்ர மாமனார், புகையிலைத் தோட்டம் செய்தவர். புன்னாலைக்கட்டுவனிலை சொந்தமாக் குடிலும் வைச்சிருந்தவர். ஆனால் செய்யிறவனுக்கு என்ன தெரியும்? அவன் செய்யிறான், குடுக்கிறான், போறான். வாங்கி விக்கிறவனுக்குத்தான் சரக்கின்ர குணம் தெரியும். அதை நான் கலியாணம் கட்டின நாளிலை இருந்து சொல்லிக்கொண்டு வாறன், அந்தக் குடும்பத்திலை ஒருத்தரும் காதிலை போடுறேல்லை.

சுகுணனுக்குச் சொன்னன். "ஃபேனை விட்டுப்போட்டுப் புகை போடு" எண்டன். அவன் சிரிச்சான். "அத்தான், அது இலை, இது பூ. புகை பட்டால் பழுதாப்போம்." என்னைப் பாத்துச் சிரிச்சவன் தம்பி. என்ர மாவிலை அவிச்ச புட்டைத் திண்டுகொண்டு.

அதுக்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் பேஸ்மென்ட் படியிலை நிண்டனான். ஒட்டுக் கேக்கேல்லை, நிண்டனான், அவ்வளவுதான். கீழை மனுசி அவனோடை நிக்கிறா.

"போன நெய் முடிஞ்சுது சுகுணா. அடுத்த மருந்துக்கு முதல் இது வந்திடுமோ?"

"வராது அக்கா. அவசரப்பட்டுப் பச்சையாக் காய்ச்சினால் உங்களுக்குத் தலையிடி, போனமுறை பட்டனீங்கள்தானே. கூட்டாளியிட்டையும் கேட்டுப் பாத்தன், இல்லையாம். இந்த ஒருமுறை மட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு போங்கோ. அதுக்கடுத்த முறைக்கு இருக்கும்."

அவா கொடியிலை தொங்கின ஒரு பூவைக் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டவா. சட்டைக் கைக்குள்ளாலை கை தடி மாதிரிக் கிடந்தது. முந்தி அந்தக் கைக்குக் காப்புப் போடுறதெண்டால் சவர்க்காரம் பூச வேணும்.

பல்லைக் கடிக்கட்டாம். ஆற்றை பல்லு? இவன் ட்ரக்கிலை ஏறி வினிப்பெக் பக்கம் போயிடுவான், கடிக்கிறது அவா. இவன்ர போத்தில் மூச்சு விடுறதுக்காக என்ர மனுசி பட்டினி கிடக்க வேணுமோ? நான் அண்டைக்கே முடிவெடுத்தன், உந்த மொக்கனுக்கு ஒருக்காக் காட்டிவிட வேணும் எண்டு.

சுகுணன் பயணம் போனான். மனுசிக்கு ஆசுப்பத்திரியிலை இரத்தம் எடுக்கிற நாள். அதே பக்கத்து வீட்டுக் கிழவியின்ர மகள் காரிலை கூட்டிக்கொண்டு போனவள். நான் ஆசுப்பத்திரிக்குப் போறதில்லை, அந்த மணம் எனக்கு ஒத்துவராது. அவாக்கு அது தெரியும், அவா கேக்கிறதும் இல்லை.

பொச்சு இஞ்சை எங்கை எடுக்கிறது? ஆனால் சிரட்டை எங்களிட்டைக் கிடக்கு. கோயிலிலை பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் அடிக்கிறது சும்மாவோ? குப்பை குப்பையாக் கிடக்கும், எல்லாம் கொட்டத்தான் போறது. உபதலைவர் எண்ட முறையிலை சாக்கிலை கட்டிக்கொண்டு வந்தன். கேட்டுத்தான் எடுத்தனான், ஐயரிட்டை. வீட்டு விசேசத்துக்கு எண்டு சொன்னனான். கோயில் சிரட்டை தம்பி, அதைவிடச் சுத்தமான புகை எது? அந்தப் புகை பட்டால் கஞ்சாவுக்குக்கூட ஒரு நல்ல குணம் வரலாம் எண்டு நினைச்சனான், பொய் சொல்லேல்லை.

கராஜிலை காரை வெளியிலை விட்டன். கொடி கட்டி எல்லாக் கிளையையும் தூக்கினன். பார்பிக்யூ அடுப்பை நடுவிலை வைச்சன். கதவுக்குக் கீழை இருந்த இடைவெளியைப் பழைய போர்வையாலை அடைச்சன். மேலை புகை பட்டால் கத்துற மணி ஒண்டு கிடந்தது, அதைக் கழட்டி வைச்சன். வடிவான குடில். எங்கட ஐயா இருந்திருந்தால் பாத்திட்டுத் தலையாட்டியிருப்பார். சிரட்டையைப் போட்டு மூட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உள்ளுக்கு வந்து தேத்தண்ணி போட்டன்.

இப்ப சொல்லுறன், பிழை எங்கை நடந்தது எண்டு. பிழை தேங்காய் அடிக்கிற ஆக்களிலை. சிதறுதேங்காயை ஒழுங்கா அடிச்சால் தேங்காய் தனிய, சிரட்டை தனிய வரும். இஞ்சை இருக்கிற சனத்துக்குத் தேங்காய் அடிக்கத் தெரியாது, அரைவாசித் தேங்காய் சிரட்டையோடையே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது எண்ணெய். எண்ணெய் புகையாது, எரியும். நான் தேத்தண்ணிக்குச் சீனி போட முதல் கராஜ் கூரை ஓரத்தாலை வெள்ளைப் புகை வருது. சிரட்டைப் புகை மட்டும் எண்டால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாங்கள். அதோடை மற்றதும் சேந்து போகுது. எங்கட தெருவிலை மணம் போகாத வீடு ஒண்டும் மிச்சமில்லை. ஆக்கள் வாசலிலை வந்து நிண்டு மூக்கைத் தூக்குறாங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருத்தன் நிண்டு சிரிச்சுக்கொண்டு எனக்குப் பெருவிரலைக் காட்டினான்.

சீனாக்காரக் கிழவிதான் ஃபயர் பிரிகேட்டுக்கு அடிச்சவள். ஸ்கங்க் கதைக்குப் பழி. வந்தாங்கள், பெரிய வாகனம், ஊளையிட்டுக்கொண்டு. கராஜ் கதவை நான் திறக்கிறன் எண்டன், கேட்டால்தானே. உடைச்சாங்கள். ஒரு சின்ன அடுப்புக்கு ஆத்துத் தண்ணி மாதிரி அடிச்சாங்கள். எல்லாம் ஓய்ஞ்சாப் பிறகு ஒருத்தன், மலை மாதிரி ஆள், ஒரு கிளையைத் தூக்கிப் பிடிக்கிறான், தண்ணி சொட்டுது, கரி மாதிரிக் கிடக்கு. "இது உங்களுடையதோ?" எண்டு கேட்டான். "என்ர மச்சானுடையது" எண்டன். உண்மையைத்தானே சொன்னன்.

திரும்பிப் பாத்தால் ரோட்டிலை பொன்னுத்துரை மாஸ்டர். அடுத்த தெருவிலை இருக்கிற மனுசன், சத்தம் கேட்டு நடந்து வந்திருக்கிறார். கராஜைப் பாத்தார், சாக்கைப் பாத்தார். சாக்கிலை கோயில் பேர் அடிச்சிருக்கு. கொஞ்சம் மணந்து பாத்திட்டு, "மரவள்ளியோ?" எண்டு கேட்டவர்.

அதைத்தான் இப்ப கூட்டத்திலை எடுக்கப் போகினம். எடுக்கட்டும். முதல் அவர் கிழங்கு கேட்டதைப் பற்றி நானும் நாலு பேருக்கு முன்னாலை கேப்பன்.

மனுசி வந்து இறங்கினவா. கையிலை ஊசி குத்தின இடத்திலை பஞ்சு ஒட்டிக் கிடக்கு. நான் ஓடிப்போய் சொல்லத் தொடங்கினன், சிரட்டையைப் பற்றி, தேங்காய் அடிக்கத் தெரியாத சனத்தைப் பற்றி, ஃபயர் பிரிகேட்டைப் பற்றி. அவா கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனவா. கராஜ் நிலத்திலை குவிச்சுக் கிடந்ததிலை ஒரு துண்டை எடுத்து மணந்து பாத்தவா. திரும்ப அந்தக் குவியலிலையே மெல்ல வைச்சவா, எறியேல்லை. பேந்து என்னைப் பாத்து, "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" எண்டவா. உள்ளுக்குப் போயிட்டா.

கேக்க என்ன கிடக்குச் சொல்லும்? தகப்பன்ர குடிலுக்குச் சின்ன வயசிலை நெருப்பு அணையாமல் பாத்தவாதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்காக அவாட்டைக் கேட்டுத்தான் நான் ஒரு வேலை செய்ய வேணுமோ? கலியாணம் கட்டி இவ்வளவு காலமா நான் ஒண்டும் கேட்டதில்லை, குடும்பம் நடக்கேல்லையோ? ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏசியிருந்தாலாவது பரவாயில்லை.

அவன் வந்தான், பயணம் முடிஞ்சு. கராஜைக் கழுவினான், உடைஞ்ச கதவுக்குப் பலகை அடிச்சான், அக்காவுக்குப் பக்கத்திலை போய்க் கொஞ்ச நேரம் இருந்தான், திரும்பவும் ட்ரக்கிலை ஏறிப் போயிட்டான். அதுதான் அவன்ர திமிர். ஏசினால் நானும் ஏசலாம். பேசாமல் கழுவுறவனை என்ன செய்யிறது? நான் ஃபோன் அடிச்சால் எடுக்கிறானில்லை. மரமும் போயிட்டுது. இனி வைச்சாலும் வாற வரியம்தான் பூக்கும்.

இந்தக் கிழமை மருந்து ஏத்தினது. இந்தமுறை நான்தான் கூட்டிக்கொண்டு போனன், போக ஆள் இல்லை. மணம் அப்பிடி ஒண்டும் இல்லை, ஏதோ சவர்க்கார மணம்தான்.

வந்தாப் பிறகு சாப்பிடுறா இல்லை. தண்ணி, அதுவும் வாயை நனைக்கிற அளவு. இண்டைக்குக் காலமை நான் புட்டு அவிச்சன். முதல்தரம். கட்டி கட்டியா வந்தது, ஆனால் புட்டுத்தான். ஒரு கோப்பையிலை போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். எனக்காக ஒரு வாய் வைச்சவா. வைச்சிட்டு எழும்பி பாத்ரூமுக்குப் போனவா. இந்தமுறை பைப்பைத் திறக்கேல்லை. அதைத் திருப்பிறதுக்குக் கையிலை சத்தில்லை. நான் கதவுக்கு வெளியிலை நிண்டனான். எல்லாம் கேட்டுது.

பயமாக் கிடக்கு தம்பி.

அதுதான் வெளிக்கிட்டு வந்தன். அந்தப் பிளாசாவிலை சேலைக்கடைக்குப் பக்கத்திலை ஒரு கடை கிடக்காம், பச்சை போர்ட். உதுகளுக்கெல்லாம் இப்ப கடை, கண்ணாடிக் கதவு, வாசலிலை ஒரு பூச்சாடி. வெக்கம் கெட்ட காலம். நான் என்ன யோசிச்சனான் எண்டால், நீர் இளந்தாரி, நீர் உள்ளுக்குப் போனால் ஒருத்தரும் ஒண்டும் நினையாயினம். நான் காசு தாறன். அம்மாவுக்கு எண்டு சொல்லும்.

வேலைக்குப் பிந்துதோ. ஓம், ஓம், விளங்குது. சும்மா கேட்டனான்.

இதுதானோ இடம்? இவ்வளவு கெதியாவோ. அங்கை பலசரக்குக் கடை வாசலிலை வெள்ளைத் தொப்பியோடை நிக்கிறது ஆர், உமக்குத் தெரியுதோ? குடையைத் தடி மாதிரி ஊண்டிக்கொண்டு? மாஸ்டர்தான். தமிழ்ச் சனம் கடைக்கு வாற நேரம் பாத்து வாசலிலை நிக்கிற மனுசன். அவருக்கு முன்னாலைதான் நான் அந்தக் கதவைத் தள்ள வேணும். நிக்கட்டும். பாக்கட்டும். கூட்டத்திலை சொல்ல அவருக்கு இன்னொண்டு ஆச்சு.

உந்த மணியை ஒருக்கா அமத்தும், பஸ் நிக்கட்டும்.

என்ன? எது வாங்கப் போறனெண்டோ? கஞ்சாதான், வேறை என்ன? ஓகோ, உள்ளுக்கை கனக்க இனம் கிடக்கோ. பேர் பேரா. அவாக்கு ஒண்டு தலைச்சுத்துத் தந்தது, ஒண்டு ஒத்துக்கொண்டது. எது எதெண்டு எனக்கெப்பிடித் தெரியும்? சுகுணனுக்குத் தெரியும், அவன் எடுக்கமாட்டான்.

அவாட்டைக் கேக்கட்டோ. நீர் லேசாச் சொல்லுறீர். நான் எங்கை போறனெண்டு அவாக்குச் சொல்லேல்லை, படுத்திருக்கிறா, எழுப்பக் கூடாது. சரி, சரி. கதவைப் பிடியும், ட்ரைவர் மூடப் போறான். நான் இறங்கிறன், ஃபோன் அடிச்சுக்கொண்டுதான் இறங்கிறன்.

தவம். நான்தான். இல்லை, வீட்டிலை இல்லை, பஸ்ஸாலை இறங்கிறன். அது கிடக்கட்டும். உனக்கு ஒத்துக்கொண்டது எது? அந்தப் பூ, நெய்யிலை போட்டது. பேர் என்ன? சண்டை பிடிக்கேல்லையப்பா, வாங்கத்தான் வந்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது, நீதான் சொல்ல வேணும். ஏன் பேசாமல் இருக்கிறாய்? கேக்குதோ? சுகுணன் இல்லை. நான்தான். நான்தான் கேக்கிறன்.